வீதிச் சிறாரும் நகரத் துப்புரவும்: ஒரு விமர்சன நோக்கு

பெருநகரங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் கட்டடங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மும்பையின் மத்திய புகையிரத முனையம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1887ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டி அவர் பெயர் சூட்டப்பட்டு, பின்னர் சத்திரபதி சிவாஜியின் பெயரைப் பெற்ற இந்நிலையம், 2004ஆம் ஆண்டு உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அதன் குவிமாடத்தைப் பற்றியும் கற்சிற்பங்களைப் பற்றியும் விரிவாக எழுதியோர் பலர். ஆயின் அந்நிலையத்தின் மேடைகளிலும் தண்டவாளங்களின் ஓரத்திலும் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர் சிறுமியர் உண்டு, உறங்கி, உழைத்து வளர்ந்துள்ளனர் என்னும் உண்மைக்கு அவ்வெழுத்துகளில் இடமில்லை. அச்சிறார் பற்றிய குறிப்புகளை வேறிடத்திலேயே தேட வேண்டும்: பொலிஸ் பதிவேடுகளில், சிறுவர் நீதிமன்ற ஏடுகளில், தரும தாபனங்களின் ஆண்டறிக்கைகளில். இப்பிரிவினை தற்செயலாக நிகழ்ந்ததன்று. நகரத்தை ஆள்வோருக்கு வீதிச் சிறுவன் நகரவாசி அல்லன். அகற்றப்பட வேண்டிய ஓர் அசுத்தம். அவனுக்கென வகுக்கப்படும் சட்டங்களும் திட்டங்களும், பாதுகாப்பு என்றும் புனர்வாழ்வு என்றும் எப்பெயர் பூண்டு வந்த போதிலும், பெரும்பாலும் ஒரு துப்புரவுப் பணியின் உறுப்புகளாகவே இயங்கி வந்துள்ளன.

வீதிச் சிறுவன் என்றதும் நடுத்தர வர்க்கத்தினர் மனத்தில் எழும் உருவம் ஒன்றுண்டு. தாயுமில்லை, தந்தையுமில்லை, செய்தொழிலுமில்லை. ஒன்றில் கையேந்தி நிற்பான், அன்றேல் பிறர் சட்டைப்பையைத் துழாவுவான். இவ்வுருவம் ஏறக்குறைய முழுமையாகவே பொய்யானது. வீதியிற் காணப்படும் சிறாரிற் பெரும்பாலோருக்குக் குடும்பம் உண்டு. மும்பை, கல்கத்தா போன்ற நகரங்களில் அவர்களுட் பலர் பெற்றோருடனேயே நடைபாதையில் வாழ்பவர்கள். மதிற்சுவர் ஒன்றில் கட்டிய பிளாஸ்ரிக் விரிப்பின் கீழ்ப் பிறந்தவர்கள். 1985ஆம் ஆண்டு மும்பை நடைபாதைவாசிகளிடையே நிகழ்ந்த கணக்கெடுப்பு, அவர்கள் பெருமளவிற் குடும்பங்களாக வாழ்வோர் என்பதையும், நகரில் உழைத்துப் பிழைப்போர் என்பதையும் ஐயத்துக்கிடமின்றிக் காட்டிற்று. தனியே வந்து சேர்ந்த சிறார் மற்றொரு பகுதியினர். வறட்சி கண்ட நிலத்திலிருந்தும், கடனில் மூழ்கிய வீட்டிலிருந்தும், குடிவெறியில் அடிக்கும் தந்தையிடமிருந்தும் அவர்கள் நீண்டதூரப் புகைவண்டியில் ஏறி வந்தவர்கள். ஐக்கிய நாடுகள் சபையின் சிறுவர் நிதியம் 1980களில் இவர்களை 'வீதியில் உள்ள சிறார்' எனவும் 'வீதிக்கே உரிய சிறார்' எனவும் இரு கூறாக வகுத்தது. பகலில் வீதியில் உழைத்து இரவில் வீடு திரும்புவோர் முன்னையோர். வீதியையே வீடாகக் கொண்டோர் பின்னையோர். நூலில் எழுதுவதற்கு வசதியான இவ்வகுப்பு வீதியிற் செல்லுபடியாவதில்லை. குடிசை இடிக்கப்பட்ட மறுநாள் முதல் வகைச் சிறுமி இரண்டாம் வகைக்கு மாறிவிடுகிறாள்.

எத்தனை பேர்? உலகெங்கும் பத்துக் கோடி என்னும் எண்ணிக்கை பல பத்தாண்டுகளாக அறிக்கைக்கு அறிக்கை எடுத்தாளப்பட்டு வருகின்றது. அதை எண்ணியவர் எவருமிலர். இந்தியாவின் 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு, வீடற்றோர் 17 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் எனக் கண்டது. அக்கணக்கு பெப்ரவரி 28ஆம் நாள் இரவில், ஒரே இரவில் எடுக்கப்பட்டது. பொலிஸாரின் கண்ணிற் படாதிருப்பதையே இரவுக் கலையாகப் பயின்ற சிறுவர்கள், அரசாங்க அலுவலர் கைவிளக்குடன் வந்த இரவில் மாத்திரம் வெளிப்பட்டு நின்றிருப்பர் என எதிர்பார்ப்பதற்கில்லை.

இனி இச்சிறாரின் ஒருநாட் பொழுதை நோக்குவோர் அதிற் காண்பது சோம்பலை அன்று, உழைப்பை. விடியுமுன் மேடைகள் கழுவப்படும். அதற்கு முன்னரே பிரம்படி எழுப்பிவிடும். முதற் பிரச்சினை காலைக்கடன். கட்டணக் கழிப்பிடத்துக்குக் காசு வேண்டும். காசில்லாதவனுக்குத் தண்டவாள ஓரமே கதி. அவ்வாறு ஒதுங்குவதும் தண்டனைக்குரியது. நீண்டதூர வண்டிகள் வந்து நின்றதும் வேலை தொடங்குகிறது. ஒருவன் தன் மேற்சட்டையையே துடைப்பமாக்கிப் பெட்டியைக் கூட்டி, இருக்கை இருக்கையாகக் கைநீட்டுகிறான். கைநீட்டுங் காட்சியை மாத்திரம் பயணிகள் நினைவிற் கொள்கின்றனர். பெட்டி கூட்டப்பட்டதை மறந்துவிடுகின்றனர். மற்றொருவன் வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்குகிறான். வேறொருவன் சப்பாத்து மினுக்குகிறான். சமிக்ஞை விளக்குச் சிவப்பாக இருக்கும் அந்த ஓரிரு நிமிடத்துள், நிற்கும் மோட்டார் வாகனங்களுக்கிடையே புகுந்து பூச்சரமும் பேனாவும் விற்கும் சிறுமியர் வேறு. எந்த வாகனத்தின் கண்ணாடி இறங்கும், எது இறங்காது என்பதைத் தூரத்திலிருந்தே கணிக்கும் அவர்களின் அறிவு, எந்த வணிகக் கல்லூரியும் கற்பித்ததன்று.

பொறுக்கப்படும் பொருள்களின் வழியைப் பின்தொடர்ந்தால் நகரத்துக்கும் இச்சிறாருக்கும் உள்ள உண்மை உறவு புலனாகும். போத்தல், பை, மூடி, உடைந்த வாளி என்பன தரம் பிரிக்கப்பட்டுக் கழிவுப்பொருள் வியாபாரியிடம் நிறைக்கு விற்கப்படுகின்றன. தராசு வியாபாரியுடையது, விலையும் அவனுடையது. முற்பணமாகச் சில ரூபாய்களை அவன் கொடுத்து வைப்பான். பெற்ற சிறுவன் வேறு கடைக்குப் போக முடியாது. அங்கிருந்து பொருள்கள் தாராவிப் பட்டறைகள் போன்றவற்றுக்குச் சென்று கழுவப்பட்டு, அரைக்கப்பட்டு, உருக்கப்பட்டு மீண்டும் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாகின்றன. தென்தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்தோர் உழைப்பும் கலந்த பட்டறைகள் அவை. இச்சங்கிலியின் முதற்கண்ணி குப்பைமேட்டில் வெறுங்காலுடன் நிற்கும் சிறுவனே. மாநகராட்சி செய்யாத வேலையை, மாநகராட்சி கொடுக்காத கூலிக்கு அவன் செய்கிறான். நகரத்தைத் துப்புரவு செய்பவனையே நகரத்தின் அழுக்கெனத் துப்புரவு செய்ய முற்படும் இவ்விந்தையை விளக்கப் பொருளாதார நூலறிவு பெரிதும் வேண்டியதில்லை. மலிந்த உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பைத் தருபவன் கண்ணிற் படலாகாது. விடயம் அவ்வளவே.

யூன் மாதம் மழை தொடங்கினால் நான்கு மாதங்களுக்கு உலர்ந்த தரை கிடைப்பதே அரிது. உறங்கும் இடத்துக்கும் வாடகையுண்டு. காசாக அன்றேல் அடிபணிதலாக அதனை மூத்த பையன்களுக்குச் செலுத்த வேண்டும். அவர்கள் காவலர், அவர்களே கொள்ளையர். சிறுமியர் வீதியிற் குறைவாகக் காணப்படுவது அவர்கள் குறைவாக இருப்பதனால் அன்று. தனித்து வந்து இறங்கும் சிறுமியை வேட்டையாடுவோர் நிலைய வாயிலிலேயே காத்திருப்பதனாலும், வீட்டு வேலையென்றும் விபசார விடுதியென்றும் கதவுகளின் பின்னே அவள் விரைவில் மறைக்கப்படுவதனாலுமே. நோய் கண்டால் வைத்தியசாலைக்குச் செல்லலாம். அங்கே கேட்கப்படும் முதற்கேள்வி முகவரி, அடுத்தது காப்பாளர். இவ்விரண்டுமின்றிச் சென்ற சிறுவன் புண் அழுகும்வரை மறுமுறை அப்பக்கம் போவதில்லை. சப்பாத்துப் பசையையும் பிழைதிருத்தும் திரவத்தையும் முகர்ந்து மயங்கிக் கிடக்கும் சிறாரைக் கண்டு முகஞ்சுளிப்போர், அம்மயக்கம் பசியையும் குளிரையும் ஓரிரு மணிநேரம் மறக்கச் செய்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அது உடலை அழிக்கும் நஞ்சென்பதில் ஐயமில்லை. நஞ்சு உணவைவிட மலிவாகக் கிடைக்கும் ஏற்பாட்டைச் செய்தவன் சிறுவனல்லன்.

இவர்கள் உழைத்த காசை அன்றன்றே சினிமாவிலும் சூதிலும் தொலைக்கின்றனர் என்பது சீர்திருத்தவாதிகள் அடிக்கடி கூறும் குறை. நல்லொழுக்கப் போதனையை இவர்களுக்கான முதல் மருந்தாகக் கொள்வதற்கும் இதுவே நியாயமாகக் காட்டப்படுகிறது. ஆனால் அக்காசை எங்கே வைப்பது? பையில் வைத்தால் மூத்தவன் பறிப்பான். கடைக்காரனிடம் கொடுத்தால் திரும்பி வராது. உறக்கத்திற் கால்சட்டை மடிப்பையே அறுத்தெடுப்போர் உளர். இரவுக்குள் செலவழிப்பதே அந்நிலையிற் புத்திசாலித்தனம். வைக்க இடம் கொடுத்தபோது நிகழ்ந்தது என்ன என்பதற்குத் தில்லி சான்று பகரும். 2001ஆம் ஆண்டு அங்கே வீதிச் சிறாரே கணக்கெழுதி நிருவகிக்கும் சேமிப்பு வங்கி ஒன்று தொடங்கப்பட்டது. ஊதாரிகள் எனப்பட்டோர் சேமித்தனர். இதற்கு முன்னரே, 1990ஆம் ஆண்டு, கர்நாடகத்தில் உழைக்கும் சிறார் 'பீம சங்கம்' எனத் தமக்கென ஓர் அமைப்பை நிறுவிக்கொண்டனர். இவர்களுக்கு ஒழுக்கம் கற்பிக்கப் புறப்பட்ட கனவான்கள் இச்செய்திகளைத் தம் சொற்பொழிவுகளிற் குறிப்பிடுவதில்லை. இரங்கத்தக்கவன் என்ற நிலையிலிருந்து ஏழை விலகிவிட்டால் தருமவானுக்கு வேலை இல்லாது போய்விடுமல்லவா?

சட்டத்தின் பங்கு இன்னும் கொடியது. 1824ஆம் ஆண்டு பிரித்தானியா இயற்றிய அலைந்து திரிவோர் சட்டம், நிலமிழந்து நகரங்களை நோக்கி வந்த ஏழைகளைக் குற்றவாளிகளாக்கியது. அதன் வாரிசுகள் குடியேற்ற நாடுகளெங்கும் நடப்பட்டன. இலங்கை 1841ஆம் ஆண்டு 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தைப் பெற்றது. ஆங்கிலேயர் வெளியேறியதும் இவ்வேர் பட்டுப்போகும் என எண்ணியோர் ஏமாந்தனர். சுதந்திர இந்தியாவிலேயே, 1959ஆம் ஆண்டில், பம்பாய்ப் பிச்சை தடுப்புச் சட்டம் பிறந்தது. கண்ணுக்குப் புலனாகும் பிழைப்பு வழி எதுவுமின்றிப் பொதுவிடத்தில் அலைவதும், பாடுவது, ஆடுவது, பொருளொன்றை விற்க நீட்டுவது என்பவற்றைச் சாட்டாகக் கொண்டு காசு பெறுவதும் அச்சட்டத்தின்படி பிச்சையே. சமிக்ஞை விளக்கடியிற் பேனா விற்பவன் வியாபாரியா பிச்சைக்காரனா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் பிடிக்க வந்தவனிடம் விடப்பட்டது. முதன்முறை குற்றங்காணப்பட்ட வளர்ந்தோரையே மூன்றாண்டுவரை அடைத்து வைக்க அது இடமளித்தது. தாய் உள்ளே செல்லப் பிள்ளை வேறோர் இல்லத்துக்குச் சென்றது. தில்லிக்கு விரிவாக்கப்பட்ட அளவில் அதன் முக்கிய விதிகளை 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றம் செல்லாதவை எனத் தீர்ப்பளித்தது. வறுமையைக் குற்றமாக்கல் ஆகாதென ஒரு நீதிமன்றம் கூறுவதற்கு ஏறத்தாழ 60 ஆண்டுகள் சென்றன.

நீதிமன்றங்களின் கருணையும் எல்லைக்குட்பட்டதே. மும்பை நடைபாதைவாசிகளை வெளியேற்ற 1981ஆம் ஆண்டு அரசு எடுத்த முடிவுக்கெதிரான வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 1985ஆம் ஆண்டு தீர்ப்பு வழங்கியது. பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று அத்தீர்ப்பு கூறியது. சட்ட மாணவர் இன்றும் இவ்வரியைப் போற்றிப் பயில்கின்றனர். அதே தீர்ப்பு, மழைக்காலம் முடிந்தபின் குடிசைகளை அகற்றலாம் எனவும் அனுமதித்தது. கோட்பாடு நூல்களுக்குச் சென்றது. குடும்பங்கள் வீதியிலேயே நின்றன.

இங்குத் தரும தாபனங்களின் சார்பில் ஒரு மறுப்பு எழக்கூடும். சட்டம் தண்டிக்கிறது, தருமம் மீட்கிறது, இரண்டையும் ஒன்றாக்குதல் நியாயமா என்பர். மும்பையில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய 1098 என்னும் தொலைபேசிச் சேவை போன்றவை எத்தனையோ சிறாருக்கு ஆபத்தில் உதவியுள்ளன என்பதும், மேடைகளிலேயே அமர்ந்து எழுத்தறிவித்த ஊழியர்கள் உளர் என்பதும் மறைக்கத்தக்கன அல்ல. ஆயின் 'மீட்பு' என்னும் சொல்லின் வரலாற்றை அறிந்தோர் அதனை எளிதில் நம்பமாட்டார். நியூயோர்க் வீதிகளிலிருந்து 1854 முதல் 1929 வரை ஏறத்தாழ இரண்டு இலட்சம் சிறார் புகைவண்டிகளில் ஏற்றப்பட்டு மேற்கு மாநிலப் பண்ணைகளுக்கு அனுப்பப்பட்டனர். 'அனாதை வண்டிகள்' எனப் பெயர் பெற்ற அவற்றிற் சென்றோருட் பலர் அனாதைகளே அல்லர். பிரித்தானியத் தாபனங்கள் ஏழைச் சிறாரைக் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கப்பலேற்றின. இது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதிவரை நீடித்தது. பெற்றோர் இறந்துவிட்டனர் எனப் பொய் சொல்லப்பட்ட பிள்ளைகள், முதுமையிலேயே தாயின் பெயரை அறிந்தனர். அவுஸ்திரேலியப் பிரதமர் 2009ஆம் ஆண்டும் பிரித்தானியப் பிரதமர் 2010ஆம் ஆண்டும் பகிரங்க மன்னிப்புக் கோரினர். அதே 2010ஆம் ஆண்டில்தான் பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளுக்காகத் தில்லி தன்னை அலங்கரித்துக்கொண்டது; நடமாடும் நீதிமன்றங்கள் வீதி வீதியாகச் சென்று இரந்துண்போரைப் பிடித்தன. விருந்தினர் வருகைக்கும் ஏழைகள் 'மீட்கப்படுவதற்கும்' உள்ள இக்காலப் பொருத்தம் ஒன்றே, மீட்பு யாருக்காக நிகழ்கிறது என்பதைத் தெளிவாக்கும்.

இத்தர்க்கம் எவ்வளவு தூரம் செல்லவல்லது என்பதைத் தென்னமெரிக்காவே முழுமையாகக் காட்டிற்று. பிறேசிலின் 1979ஆம் ஆண்டுச் சிறார் கோவை, வறிய பிள்ளையை 'ஒழுங்கற்ற நிலையில்' உள்ளவன் என வகுத்து, அவனைப் பிடித்தடைக்க நீதவானுக்கு வரம்பிலா அதிகாரம் தந்தது. அந்நாட்டு வீதிச் சிறாரும் அவர்களோடு நின்ற கல்வியாளரும் 1985ஆம் ஆண்டு தேசிய இயக்கமொன்றைக் கட்டினர். அவ்வியக்கமும் ஏனைய மக்கள் அமைப்புகளும் நடத்திய போராட்டத்தின் பேறாக, 1990 யூலையில் பழைய கோவை நீக்கப்பட்டுச் சிறாரை உரிமையுடையோராக ஏற்கும் புதிய சட்டம் வந்தது. மூன்றாண்டுகள் கழிந்து, 1993 யூலை 23ஆம் நாள் இரவு, றியோ டி ஜெனீரோவின் கண்டெலாரியா தேவாலயத்தருகே உறங்கிக் கிடந்த சிறார்மீது துப்பாக்கிகள் இயங்கின. எண்மர் மாண்டனர். சுட்டோருட் பொலிஸார் இருந்தமை பின்னர் நீதிமன்றத்தில் நிறுவப்பட்டது. அயலிலுள்ள கொலொம்பியாவில் இத்தகைய கொலைகளுக்கு வழங்கிய பெயர் 'சமூகத் துப்புரவு' என்பதாகும். அப்பெயரைச் சூட்டியோர் வெளிப்படையானவர்கள்; ஏனைய நகரங்கள் அதையே நகர அழகாக்கல் என நயமாகச் சொல்லிக்கொள்கின்றன.

இலக்கியமும் திரைப்படமும் இவ்விடயத்திற் குற்றமற்றவை அல்ல. டிக்கன்ஸின் ஒலிவர் ருவிஸ்ற் பசியால் இன்னும் கொஞ்சம் கேட்டவன். ஆயினும் அவன் உய்வதற்கு நற்குடியிற் பிறந்தவன் என்பது இறுதியில் வெளிப்பட வேண்டியிருந்தது. 2008ஆம் ஆண்டு வந்து எட்டு ஒஸ்கார் விருதுகளை வென்ற 'சிலம்டோக் மில்லியனயர்' மும்பைச் சேரிச் சிறுவனைக் காப்பாற்றத் தொலைக்காட்சிப் பரிசுப்பணத்தைத் தேடிக் கொணர்ந்தது. தமிழ்ப் படத்திலோ ஓடும் சிறுவனின் கால்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதாநாயகனின் கால்களாகிவிடும். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகள் அவன் எங்கே உறங்கினான் என்று எவரும் கேட்பதில்லை. நல்ல குருதி, நல்ல அதிர்ஷ்டம், நல்ல ஓட்டம் ஆகிய மூன்றுமற்றவன் எவ்வாறு வாழ்கிறான் என்பதே எழுதப்பட வேண்டிய கதை.

கொழும்பு மும்பையளவு பெரிதன்று. கோட்டைப் புகையிரத நிலையச் சூழலிலும் புறக்கோட்டையிலும் உள்ள சிறாரின் தொகையும் அதற்கேற்பச் சிறிதே. எனவே இங்குப் பிரச்சினையில்லை என முடிவுகட்டுவோர், மறைப்பதில் இந்நகரம் காட்டும் திறமையைக் கணக்கிலெடுப்பதில்லை. மலையகத் தோட்ட வீடுகளிலிருந்து கொழும்பின் சமையலறைகளுக்கு அனுப்பப்பட்ட சிறுவர் சிறுமியர் எத்தனையோ பேர். தப்பியோடிய சிறுமி வீதியிற் காணப்பட்டாள். தப்பாதவள் எக்கணக்கிலும் காணப்படவில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபை 2010ஆம் ஆண்டு பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டதும், அதையடுத்துக் கொழும்பின் வறிய குடியிருப்புகள் பல படையினர் முன்னிலையில் அப்புறப்படுத்தப்பட்டதும் அண்மைய வரலாறு. ஒரு நகரின் அழகு அதன் பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பாகும்போது, ஏழை எதிரியாகிவிடுகிறான் என்பதை விளக்கத் தேவையில்லை.

1939ஆம் ஆண்டின் சிறுவர்கள், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், பராமரிப்பும் பாதுகாப்பும் வேண்டி நிற்கும் சிறாரை நீதிமன்றின்முன் கொணர வழிசெய்தது. அவ்வழி பெரும்பாலும் இல்லங்களிற் போய் முடிந்தது. இல்லங்களில் வைக்கப்படும் சிறாரிற் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிருடன் உள்ளனர் என்பது உலகின் பல நாடுகளில் ஆய்வாளர் திரும்பத் திரும்பக் கண்டது. பிள்ளையை வைத்திருக்க இல்லத்துக்குச் செலவிடப்படும் பணத்தின் ஒரு பகுதி, அப்பிள்ளையின் தாய்க்கு ஓர் அறை வாடகைக்கேனும் கிடைத்திருந்தால், இல்லமே வேண்டியிருக்காது. பிள்ளையிடமிருந்து வறுமையை நீக்குவதைவிட வறுமையிலிருந்து பிள்ளையை நீக்குவது நிருவாகிகளுக்கு இலகுவாக உள்ளது. ஐக்கிய நாடுகள் சபையின் சிறுவர் உரிமைக் குழு 2017ஆம் ஆண்டு வெளியிட்ட 21ஆம் பொதுக் கருத்துரை, வீதியோடு பிணைந்த வாழ்வுடைய சிறாருக்கும் பொதுவிடங்களில் இருக்கவும் கூடவும் உரிமையுண்டு எனக் கூறிற்று. 1991ஆம் ஆண்டிலேயே சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்று உறுதிசெய்த நாடு இலங்கை. அக்கருத்துரையைக் கோட்டைப் பொலிஸ் காவலரணில் எவரும் வாசித்துக் காட்டியதாகத் தெரியவில்லை.

இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டு முதல் இந்நாட்டின் பெருமை. 5 முதல் 14 வயதுவரை பாடசாலைக்குச் செல்லல் 1997ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு அவ்வெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. கட்டாயம் பிள்ளைக்கேயன்றிப் பாடசாலைக்கு இல்லைப் போலும். முதலாம் வகுப்பு அனுமதிக்கான சுற்றறிக்கைகள் வாக்காளர் இடாப்பையும், வீட்டுறுதியையும் வாடகை ஒப்பந்தத்தையும், மின்சார, நீர்க் கட்டணப் பற்றுச்சீட்டுகளையும் கேட்டு, அவற்றுக்குப் புள்ளியிட்டு வந்துள்ளன. புறக்கோட்டைக் கடை வாயிலில் உறங்கும் தாயிடம் இவற்றுள் எதுவுமில்லை. பல வேளைகளிற் பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் இல்லை. முகவரி அற்ற பிள்ளையை அண்மையிலுள்ள அரசினர் பாடசாலை கேள்வியின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என ஒரு சுற்றறிக்கை எழுதுவதற்கு வெளிநாட்டு நிதி வேண்டியதில்லை. நிபுணர் குழு வேண்டியதில்லை. ஒரு தாளே போதும். அத்தாளை எழுதாத வரை, வீதியில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து ஏன் பாடசாலைக்குப் போகவில்லை என்று வினவும் உரிமை கல்வி அமைச்சுக்கும் இல்லை, பிரம்புடன் வரும் பொலிஸ்காரருக்கும் இல்லை.